கங்காணி முறையும் கணினி நிறுவனங்களும்



ரெம்பாவ் வட்டாரத்தில் தோட்டப் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒருவருக்குக் கணினி நிறுவனங்களின் நிருவாக வரலாற்றைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் எந்தக் கணினி நிறுவனத்திலும் வேலை பார்த்தவனல்லன். ஆனால் நான் பிறந்தது ஒரு பெரிய நிறுவனத்தின் நிலத்தில். வளர்ந்தது அதன் லயன் வீட்டில். தாயார் பால் வெட்டப் போன நேரத்தில் தூங்கியது அதன் ஆயாக் கொட்டகையில். என் தாத்தாவை இந்த நாட்டுக்குக் கூட்டி வந்தவர் ஒரு கங்காணி. ஆட்களைச் சேர்த்துச் சேர்த்து ஒரு நிறுவனம் எப்படிப் பெரிதாகிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் கேட்டு வளர்ந்தவன் நான்.

மென்பொருள் எழுதும் நிறுவனங்கள் எப்படி வளர்ந்தன, அவற்றை நடத்தியவர்கள் எந்த முறையைக் கையாண்டார்கள், அதை ஆராய்ந்த அறிஞர்கள் எதைக் கண்டார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள். ஆயினும் கதையை ரப்பர் தோட்டத்திலிருந்துதான் தொடங்கப் போகிறேன். காரணம் போகப்போக விளங்கும்.

மலாயாவின் ரப்பர்க் கம்பெனிகளில் பெரும்பாலானவை லண்டனில் பதிவானவை. பங்குதாரர்கள் அங்கே, மரங்கள் இங்கே. இரண்டுக்கும் நடுவில் ஏஜென்சி நிறுவனங்கள் இருந்தன. 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட், 1910-இல் தோன்றிய சைம் டார்பி ஆகியவை இவற்றுள் பெரியவை. ஓர் ஏஜென்சி நிறுவனமே பல கம்பெனிகளின் தோட்டங்களைக் கவனிக்கும். துரையை நியமிப்பது, கணக்குப் பார்ப்பது, ரப்பரை விற்பது எல்லாம் அதன் பொறுப்பு. விசிட்டிங் ஏஜென்ட் என்று ஒருவர் வந்து சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதுவார். அவர் வருகிற வாரத்தில் தோட்டமே பெருக்கிக் கழுவி வைத்தாற்போல் இருக்கும் என்று என் தகப்பனார் சொல்லிச் சிரிப்பார். அவருக்குக் கீழே பெரிய துரை, சின்ன துரை, கிராணிமார். ஏணியின் கடைசிப் படியில் கங்காணி.

கங்காணி தமது சொந்த ஊருக்கே போய், உரிமச் சீட்டைக் காட்டி, உறவினரையும் ஊராரையும் சேர்த்துக்கொண்டு வருவார். கூட்டி வந்தவர்கள் வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளுக்கும், தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைக்கும். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் எத்தனை தலை நிற்கின்றன என்பதே அவருடைய வருமானம். ஒருவன் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கு நட்டம். இரக்கம் உள்ள கங்காணியும் உண்டு, இல்லாதவரும் உண்டு. ஆனால் முறை அப்படித்தான் அமைந்திருந்தது. என் தாத்தா தம் கங்காணியைத் திட்டியும் பேசுவார், நன்றியோடும் பேசுவார்; சில நாள் ஒரே பேச்சில் இரண்டும் வரும்.

இந்த முறையில் நிறுவனம் வளர்வதற்கு வழி ஒன்றுதான். காட்டை வெட்டி நிலத்தைக் கூட்டு. நிலத்துக்கு ஏற்பத் தலைகளைக் கூட்டு. 1938-இல் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப் பணம் கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தபோது அந்தக் கதவு அடைபட்டது. போருக்குப் பிறகு விளைச்சலைப் பெருக்கிய பெரிய வழி, பழைய மரங்களை அகற்றி உயர்விளைச்சல் இனங்களை மறுநடவு செய்தது. சிலாங்கூரில் பெராங் பெசார் தோட்டத்தில் உருவாக்கிய பி.பி. இனக் கன்றுகள் அவற்றில் பெயர் பெற்றவை. அதே ஏக்கருக்கு அதிகப் பாலைத் தந்தது தலைக்கணக்கன்று, அறிவு. அந்தப் பெராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் பின்னாளில் புத்ராஜெயா எழுந்தது. அதற்குப் பக்கத்தில் சைபர்ஜெயா. அவ்விடத்துக்குப் பிறகு வருவோம்.

1959-இல் எடித் பென்ரோஸ் என்னும் பொருளியல் அறிஞர் நிறுவனங்களின் வளர்ச்சியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் பிறந்து, பின்னர் பாக்தாத்திலும் லண்டனிலும் கற்பித்த அம்மையார் அவர். அதுவரை பொருளியல் நூல்கள், சந்தை எவ்வளவு, முதல் எவ்வளவு என்ற கணக்கைக் கொண்டே ஒரு கம்பெனி எவ்வளவு பெரிதாகும் என்று அளந்தன. பென்ரோஸ் வேறொரு கேள்வி கேட்டார்: எவ்வளவு விரைவாகப் பெரிதாகும்? அவர் கண்ட விடை எளிமையானது. நிறுவனத்தை நடத்தத் தெரிந்தவர்கள் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்களோ, அவர்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அதுதான் வேகத்தின் எல்லை. பணத்தைக் கடன் வாங்கலாம்; கட்டடத்தை வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வேலை செய்து பழகிய அனுபவத்தைச் சந்தையில் வாங்க முடியாது. புதிதாக வருபவருக்குப் பழையவர்தான் கற்றுக் கொடுக்க வேண்டும். கற்றுக் கொடுக்கும் நேரத்தில் பழையவரின் சொந்த வேலை நிற்கும்.

பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதன்று. ஓர் ஆண்டில் நான்கு புதிய ஆசிரியர்கள் ஒரு சிறிய பள்ளிக்கு வந்து சேர்ந்தால் தலைமையாசிரியர் படும் பாடு எங்களுக்குத் தெரியும்!

பென்ரோஸ் எழுதிச் சில ஆண்டுகளிலேயே, அவர் சொன்னதைக் கணினித் துறை பெரும் செலவில் கற்றுக்கொண்டது. ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் சிஸ்டம் 360 என்னும் கணினி வரிசையை அறிவித்தது. அதை இயக்கும் மென்பொருளை எழுதி முடிப்பதற்குள் காலக்கெடு கடந்துவிட்டது. ஆட்களைக் கூட்டினார்கள், வேலை விரைவுபடவில்லை. அப்பணியை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ் பிறகு பல்கலைக்கழகப் பேராசிரியராகி, 1975-இல் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பதே அவர் கண்டது. நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பத்து மரத்தை ஒருவர் வெட்டுவதைவிட இரண்டு பேர் விரைவாக வெட்டலாம். ஆனால் நட்ட கன்று பால் தர ஆறேழு ஆண்டு ஆகும் என்றால், கன்றுக்குப் பக்கத்தில் இருபது பேரை நிற்க வைத்தாலும் அது ஆறேழு ஆண்டுதான். மென்பொருள் பெரும்பாலும் கன்று வகையைச் சேர்ந்தது.

இனி, நம்மவர் கதைக்கு வருவோம்.

திருச்செந்தூருக்கு அருகில் மூலைப்பொழி என்ற ஊரில் 1945-இல் பிறந்தவர் சிவ நாடார். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, பின்னர் டில்லியில் டி.சி.எம். நிறுவனத்தின் கணக்கிடும் கருவிப் பிரிவில் வேலை பார்த்தார். 1975-ஆம் ஆண்டு வாக்கில் அவரும் அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி முதலிய நண்பர்களும் அந்த வேலையை விட்டு வெளியேறினார்கள். கணினி செய்வதுதான் நோக்கம். ஆனால் கையில் பணமில்லை. ஆகவே மைக்ரோகாம்ப் என்று ஒரு சிறு கம்பெனி தொடங்கி, கணக்கிடும் கருவிகளை விற்றுப் பணம் சேர்த்தார்கள். 1976 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச அரசின் மின்னணுக் கழகம் 26 விழுக்காட்டுப் பங்கு எடுத்துக்கொள்ள, இந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட் பிறந்தது. எச்.சி.எல். என்று நாம் சொல்வது அதைத்தான். நண்பர்கள் போட்ட முதல் 1,87,000 ரூபாய் என்பார்கள்.

காலமும் கை கொடுத்தது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டியிருந்தது. ஐ.பி.எம். இணங்கவில்லை. 1978-இல் அது இந்தியாவை விட்டுப் போயிற்று. அதே ஆண்டில் எச்.சி.எல். தனது 8சி என்னும் சிறு கணினியைக் கொண்டுவந்தது. 1980-இல் சிங்கப்பூரில் ஃபார் ஈஸ்ட் கம்ப்யூட்டர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அதாவது, தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்த ஒருவர் தலைமையில் உருவான கணினிக் கம்பெனி, பிறந்த நான்காம் ஆண்டிலேயே நமக்குப் பக்கத்து வாசலுக்கு வந்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் அன்று இதைக் கவனித்தோம்?

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணினியை விற்கப் போன இடத்திலெல்லாம் அதை இயக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அந்தக் குறையைப் பார்த்து 1981-இல் ராஜேந்திர பவாரும் விஜய் தடானியும் என்.ஐ.ஐ.டி. என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியபோது, சிவ நாடார் அதற்கு முதல் கொடுத்தார். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இன்னொரு தொழிற்சாலை கட்டாமல் பள்ளிக்கூடம் கட்டுவதற்குப் பணம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்ரோஸ் அம்மையாரின் நூலை அவர் படித்தாரோ இல்லையோ, எல்லை எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு சிறு கிளைக்கதை. 2020-இல் சிவ நாடாரின் மகள் ரோஷ்னி, எச்.சி.எல். டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் தலைவரானார். இந்தியாவில் பங்குச் சந்தையில் பதிவான ஒரு கணினி நிறுவனத்துக்குப் பெண் தலைவரானது அதுவே முதன்முறை என்று பத்திரிகைகள் எழுதின. அந்தச் செய்தியை எங்கள் பள்ளியில் வாசித்தபோது, பக்கத்துக் கம்பத்தைச் சேர்ந்த மலாய்க்கார ஆசிரியை ஒருவர் வியப்படையவே இல்லை. ரெம்பாவில் அடாட் பெர்பாத்தே வழக்கப்படி குலத்தின் நிலம் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகிறது. "இதில் என்ன செய்தி?" என்றார்.

எல்லா நிறுவனங்களும் கணினிப் பெட்டி செய்யப் போகவில்லை. 1968-இல் பம்பாயில் தொடங்கிய டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ், எஃப்.சி. கோலியின் தலைமையில், 1974-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனத்துக்காக மென்பொருள் மாற்றும் வேலையை ஏற்றது. வெளிநாட்டிலிருந்து கணினி இறக்குமதி செய்யக் கடுமையான வரி. ஏற்றுமதி செய்து காட்டினால்தான் அனுமதி. ஆகவே கணினியைத் தருவிப்பதைவிட, கணினி இருக்கும் ஊருக்கு ஆளை அனுப்புவது எளிதாயிற்று. 1980-களின் இறுதியில் இந்திய மென்பொருள் ஏற்றுமதி என்று எழுதப்பட்டதில் பெரும்பகுதி, வெளிநாட்டில் போய் உட்கார்ந்து செய்த வேலைதான் என்பதை ரிச்சர்ட் ஹீக்ஸ் 1996-இல் வெளியிட்ட ஆய்வு நூல் விளக்குகிறது.

பெரிய நிறுவனங்கள் இப்படிப் போனபோது சின்ன ஏஜெண்டுகளும் கிளம்பினார்கள். அமெரிக்காவில் இதற்கு "பாடி ஷாப்பிங்" என்று பெயர் வைத்தார்கள். உடல் வியாபாரம் என்றே பொருள். சீனாவில் பிறந்த மானிடவியல் அறிஞர் சியாங் பியாவ் ஹைதராபாத்திலும் சிட்னியிலும் இருந்து இதை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். ஏஜெண்ட் ஊரில் இளைஞர்களைச் சேர்க்கிறார். விசா எடுத்துத் தருகிறார். வெளிநாட்டில் ஒரு கம்பெனிக்கு அவர்களை வாடகைக்கு விடுகிறார். வாடகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். வேலையில்லாத நாட்களில் அந்த இளைஞர் "பெஞ்சில்" காத்திருக்கிறார். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். தலைக்காசு! பெரட்டுக் களத்துக்குப் பதிலாக பெஞ்சு. படித்த பட்டம் வேறு, சம்பளம் வேறு, விமானம் வேறு. கணக்கு எழுதும் முறை மட்டும் அதே.

நம் நாட்டுக்கும் அது வந்தது. 1996-இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டம் தொடங்கப்பட்டு, 1997-இல் சைபர்ஜெயா தொடங்கி வைக்கப்பட்டது. அங்கே தகுதி பெற்ற நிறுவனங்கள் வெளிநாட்டு அறிவுத் தொழிலாளரைத் தடையின்றி அமர்த்திக்கொள்ளலாம் என்பது அரசாங்கம் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று. இந்தியாவிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். பலர் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து அடுக்குமாடிகளில் தங்கினார்கள். 2003 மார்ச்சில் அவற்றில் ஒன்றில் போலீசார் நடத்திய சோதனையில் சுமார் 270 இந்தியக் கணினி வல்லுநர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். இந்திய அரசாங்கம் கண்டனம் தெரிவித்தது. இரு நாட்டு உறவிலும் கசப்பு ஏற்பட்டது. அப்போது நான் ஆசிரியப் பணிக்குப் புதியவன். ஆசிரியர் அறையில் செய்தித்தாளைச் சுற்றி நின்று பேசினோம். "பட்டம் வாங்கியும் இதே கதையா?" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார்.

அதே கதை என்று அப்படியே சொல்லிவிடுவதும் சரியாகாது. நிறுவனங்கள் மாற முயன்றன. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், ஐ.பி.எம்.மில் பணியாற்றிய வாட்ஸ் ஹம்ப்ரி முன்னின்று ஒரு தர அளவுமுறையை உருவாக்கினார். 1991-இல் அது முழு வடிவம் பெற்றது. ஒரு நிறுவனம் ஒரு தனிமனிதரின் திறமையை நம்பி வேலை செய்கிறதா, எழுதி வைத்த முறைப்படி செய்கிறதா, தன் தவற்றைத் தானே அளந்து திருத்துகிறதா என்று ஐந்து படிகளாக அது பிரித்தது. இந்திய நிறுவனங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. 1990-களின் முற்பகுதியில் பெங்களூரில் மோட்டோரோலாவின் பிரிவு ஐந்தாம் படியை எட்டியது. பிறகு இந்திய நிறுவனங்கள் வரிசையாக எட்டின. விசிட்டிங் ஏஜெண்டின் வருகை போல, சான்றிதழுக்காகவே பெருக்கிக் கழுவியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனாலும், வேலையை எழுதி வைத்ததால் புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பது எளிதாயிற்று. 2005-இல் எச்.சி.எல். டெக்னாலஜிஸ் நிருவாகத்தை ஏற்ற வினீத் நாயர் இன்னொரு பக்கத்திலிருந்து போனார். மேலாளரைப் பற்றி ஊழியர் எழுதும் மதிப்பீட்டை, தம்மைப் பற்றியதையும் சேர்த்து, கம்பெனிக்குள் எல்லாரும் படிக்கும்படி வைத்தார். ஊழியர் முதலில், வாடிக்கையாளர் அடுத்து என்று அவர் 2010-இல் எழுதிய நூலுக்கே பெயர். தோட்டத்தில் பெரிய துரையைப் பற்றிப் பால்வெட்டுக்காரர் மதிப்பெண் போட்டு, அதை ஆபீஸ் பலகையில் ஒட்டுவதை நினைத்துப் பாருங்கள்!

என் மனத்தில் அதிகமாக நிற்பது மூன்றாவது கதை. ஸ்ரீதர் வேம்புவும் அவர் சகோதரர்களும் நண்பர்களும் 1996-இல் தொடங்கிய நிறுவனம், முதலில் அட்வென்ட்நெட் என்றும், 2009 முதல் ஜோஹோ என்றும் பெயர் பெற்றது. வெளியார் முதலை அவர்கள் வாங்கவில்லை. ஆளை வாடகைக்கு விடாமல், தாங்களே பொருள் செய்து விற்றார்கள். 2005 வாக்கில், கல்லூரிப் பட்டம் இல்லாத சில மாணவர்களைச் சேர்த்துச் சொந்தப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி, கட்டணம் இல்லை, கையில் உதவித்தொகையும் உண்டு. அங்கே படித்தவர்களில் பலர் அந்த நிறுவனத்திலேயே பொறுப்புகளுக்கு வந்தார்கள். 2011-ஆம் ஆண்டளவில் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்திலும் அலுவலகம் வைத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். நம் பெடாஸ் பக்கம் போல் பச்சையாக இருக்கும் என்று படங்களில் பார்த்தால் தோன்றுகிறது. 2023-இல் அந்நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்துவோர் தொகை 10 கோடியைத் தாண்டியதாக அறிவித்தார்கள். ஊழியரோ இருபதாயிரத்துக்கும் குறைவு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் டாட்டா கன்சல்டன்சியின் ஊழியர் தொகை ஆறு லட்சத்தை எட்டியது. வருமானம் வேண்டுமென்றால் தலை வேண்டும் என்பதே அந்த வகை நிறுவனங்களின் பழைய கணக்கு. 2025 ஜூலையில் அந்நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருந்தவர்கள் என்றும் சொல்லப்பட்டது. எண்ணிக்கையில் இரண்டு விழுக்காடுதான். ஆனால் பென்ரோஸின் கண்ணால் பார்த்தால், குறைக்கப்பட்டவர்கள் புதியவர்களுக்குக் கற்றுக் கொடுக்கக்கூடிய வரிசையைச் சேர்ந்தவர்கள்.

பெற்றோர்கள் என்னிடம் வந்து, "சார், பையனைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். படிக்க வையுங்கள் என்கிறேன். வேலைக்குப் போகும் இடத்தில் அவனுடைய சம்பளச் சீட்டு யார் பெயரில் வருகிறது, முதல் ஆண்டில் அவனுக்குக் கற்றுக் கொடுக்க ஒருவர் இருக்கிறாரா, இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்த இரண்டாவது கேள்வியை எனக்குக் கற்றுக் கொடுத்தவன் என் பழைய மாணவன் ஒருவன். செம்போங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. இப்போது ஒரு பெரிய அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறான். ஆனால் அவன் அந்த அலுவலகத்தின் ஊழியன் அல்லன். ஆள் அனுப்பும் ஒரு கம்பெனி அவனை அங்கே அனுப்பியிருக்கிறது. பெயர் வேண்டாம். சென்ற ஆண்டு அவனுடன் இரண்டு புதிய பிள்ளைகளை அனுப்பி, மூன்று தலைக்கும் கணக்குப் போட்டார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நேரம் கேட்டான். அந்த நேரத்துக்கு யாரிடமும் காசு வாங்க முடியாது என்று பதில் வந்தது. இரவில், வேலை முடிந்த பிறகு, ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து தான் கற்றதைச் சொல்லிக் கொடுத்தான். ஒருத்தி நிலைத்துவிட்டாள். மற்றவன் மூன்றாம் மாதமே தாப்பாவுக்குத் திரும்பிப் போய்விட்டான். இப்போது அந்தப் பெண், அடுத்து வந்தவனுக்கு அதே கடையில் சொல்லிக் கொடுக்கிறாளாம்.